பேசிக்கிடுவோம் சார்

அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவரைப் ‘பேசிக்கிடுவோம் சார்’ என்றுதான் சொல்வோம். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். ஒரகடம் சாலைக்கு வந்து எத்தனையோ வருடமாகி, உடையும் நடையும் மெட்ராஸ்காரர்களைப் போல மாறிவிட்ட பிறகும் ஊர்ப் பேச்சை, அதிலும் அந்த ஒரு சொல்லை, அவர் ஊரிலிருந்து வந்தபடியே வைத்திருந்தார். லாரிக்காரன் கேட்டில் இடித்துவிட்டாலும், பேங்கிலிருந்து மேனேஜர் கத்தினாலும், காவலாளிகள் இருவர் ஒரே நாளில் லீவு கேட்டாலும் அதுதான் பதில்: “பேசிக்கிடுவோம்.” உண்மையிலேயே உட்கார்ந்து பேசுவார். பேசி முடித்தும் விடுவார்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. செய்தித்தாள்களில் வேண்டிய அளவு வந்துவிட்டது, அதுவும் கெட்ட செய்தியாக.

நாங்கள் செய்த தொழில் இது. தவணை கட்டாத வண்டிகளை பேங்க்காரர்களும் பைனான்ஸ்காரர்களும் சீஸ் பண்ணிக் கொண்டுவந்து எங்கள் யார்டில் நிறுத்துவார்கள். கார், டிராக்டர், லோடு வண்டி, ஷேர் ஆட்டோ எல்லாம் வரிசையாக வெயிலில் நிற்கும். வாரம் ஒருமுறை ஏலம். விற்றுக்கொடுப்பதற்கு பேங்கிடமும் கமிஷன் வாங்குவோம், வண்டியை ஏலத்தில் எடுப்பவரிடமும் வாங்குவோம். அந்த நிறுவனத்தின் மேனேஜிங் டைரக்டர் அவர். ஏலத்தில் மைக் பிடித்து விலை கூப்பிடுகிறவள் நான்.

மைக் என் கைக்கு வந்ததும் அவரால்தான். நான் படப்பையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்குத்தான் சேர்ந்தேன். ஒருநாள் ஏலம் கூப்பிடுகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இருநூறு பேர் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சார் என்னிடம் வந்து, “ஸ்டெல்லாம்மா, நீ ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டா கேட் வரைக்கும் கேக்குது. மைக்கும் இருந்தா இன்னும் நல்லா கேக்கும்” என்றார்.

முன்வரிசையில் ஒருவர் எழுந்துவிட்டார். “இன்னா சார் இது, பொம்பளைய வுட்டு ஏலம் வுடற? வெளாடறியா?”

வேறு எந்த முதலாளியாக இருந்தாலும் ‘இஷ்டமிருந்தால் உட்கார், இல்லாவிட்டால் போ’ என்றிருப்பார். இவர் அந்த ஆளின் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். “ஒரே ஒரு வண்டி. அது முடியவும் பிடிக்கலைன்னா சொல்லுங்க, பேசிக்கிடுவோம்.” நான் கூப்பிட்டேன். அந்த முதல் வண்டியை எடுத்தவரே அந்த ஆள்தான். அதன் பிறகு மைக்கை யாரும் என்னிடம் திருப்பிக் கேட்கவில்லை.

இப்படிப்பட்டவர் ஏலத் தொழிலுக்கு எப்படி வந்தார் என்று நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். ஏலம் என்பது சண்டை. நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தூக்கிப் போடுகிற சண்டை என்றாலும் சண்டைதான். ஒருவன் ஜெயித்தால் மற்ற அத்தனை பேரும் தோற்க வேண்டும். இவருக்கோ யாரும் தோற்பதைப் பார்க்கவே ஆகாது. கிரிக்கெட் பைனல் நடக்கும்போது ஆபீஸில் டிவி ஓடும். கடைசி ஓவர் வரும்போது எழுந்து வெளியே போய்விடுவார். “ரெண்டு பயலுவளும் நல்லாத்தான் ஆடுதானுவ. கப்பை ஆளுக்கு ஆறு மாசம் வெச்சுக்கிட்டா என்ன?” என்பார். நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார். நிஜமாகவே கேட்பார்.

சேரப்பணஞ்சேரி அண்ணன் தம்பி விஷயத்தை இன்றும் யார்டில் சொல்வார்கள். அவர்களுடைய அப்பா பெயரில் இருந்த டிராக்டர் எங்களிடம் வந்து நின்றது. அப்பா தவறிவிட்டார். அண்ணனும் தம்பியும் பேச்சுவார்த்தை இல்லை. இருவரும் தனித்தனியாக டோக்கன் எடுத்து, கொட்டகையின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்த ஒரே டிராக்டருக்கு மாறி மாறிக் கை தூக்கினார்கள். விலை ஏறிக்கொண்டே போனது. புது டிராக்டரின் விலையை நெருங்கியது. கொட்டகையே வேடிக்கை பார்த்தது. நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். தம்பி சட்டைப்பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான். ஆனால் கை இறங்கவில்லை.

சார் மேடையேறி என் கையிலிருந்த மைக்கை வாங்கினார். “டீ டைம்” என்று சொல்லி அணைத்துவிட்டார். இரண்டு பேரையும் தோளில் கை போட்டு அறைக்குள் கூட்டிப்போனார். வெளியே வரும்போது அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். டிராக்டர் அண்ணனுக்கு, உழவு நேரத்தில் தம்பியும் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவாகியிருந்தது. ஏலம் மறுபடி தொடங்கியபோது ஏறிய விலையெல்லாம் இறங்கி ஆரம்ப விலைக்கே வந்துவிட்டது. அண்ணன் ஒருமுறை கை தூக்கினான். எதிர்க்கை எழவில்லை. முடிந்தது.

அன்று கொட்டகையில் எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வண்டிக்குக் கடன் கொடுத்த பேங்க்குக்கு வரவேண்டிய தொகை குறைந்து போனதே என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. பேங்க் அங்கே ஒரு ஆளாக உட்கார்ந்திருக்கவில்லை அல்லவா? எதிரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நல்லது செய்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எதிரில் இல்லாதவர்கள் அவர் கண்ணில் படவே மாட்டார்கள். இதை நான் புரிந்துகொள்ளப் பல வருடம் ஆனது.

படப்பையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில் எங்களோடு சேர்த்து மூன்று யார்டுகள் இருந்தன. ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தர் பேங்க்குகளை இழுப்பதற்காகக் கமிஷனைக் குறைத்துக்கொண்டே போனார்கள். ஒரு மாதம் பக்கத்து யார்டு குறைத்தது, அடுத்த மாதம் நாங்கள் குறைத்தோம். சாருக்கு அது தாங்கவில்லை. பணம் போகிறது என்பதைவிட, தினமும் காலையில் பக்கத்து யார்டுக்காரரோடு ஒரே கடையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, பிறகு அவர் கழுத்தை அறுக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் அவர் வருத்தம். “நாம எதுக்குல அடிச்சுக்கிடணும்?” என்று தன்பாட்டில் சொல்லிக்கொள்வார்.

ஒருநாள் மத்தியானம் மூன்று யார்டு முதலாளிகளும் எங்கள் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தார்கள். சார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்தவில்லை, குரலைத் தாழ்த்தவில்லை.

“ஸ்டெல்லாம்மா, உனக்குத்தான் ஏலத்துக்கு வாரவங்க மனசு தெரியும். கமிஷனைக் கொஞ்சம் ஏத்துனா என்ன சொல்வாங்க?”

“பக்கத்து யார்டுக்குப் போயிடுவாங்க சார்” என்றேன்.

மூன்று பேரும் சிரித்தார்கள். பக்கத்து யார்டுக்காரர் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்துவிட்டு, “பக்கத்து யார்டே நான்தானேம்மா!” என்றார்.

எனக்கு அந்தச் சிரிப்பு புரியவில்லை. திரும்பி வந்து வேலையைப் பார்த்தேன். அடுத்த மாதம் மூன்று யார்டிலும் கமிஷன் ஒரேபோல ஏறியது. பேங்க்குகள் விலைப்புள்ளி கேட்டால் இந்த முறை இவர் குறைவாகப் போடுவது, அடுத்த முறை அவர் என்று முறை வைத்துக்கொண்டார்கள். ‘குறைவு’ என்பதும் பழையதைவிட அதிகம்தான். யார்டில் சம்பளம் ஏறியது. தீபாவளிக்கு எல்லாருக்கும் நல்ல போனஸ் வந்தது. சார் முன்னைவிடச் சந்தோஷமாக இருந்தார். மூன்று யார்டு ஆட்களுக்கும் சேர்த்து ஒரு கிரிக்கெட் போட்டி வைத்தார். அது டிராவில் முடிந்ததில் அவரைப்போல் மகிழ்ந்தவர் இல்லை.

தேவராஜ் வந்தது அதற்குப் பிறகு. படப்பையில் சின்ன லோடு வண்டி வைத்து வீடு மாற்றுகிறவர்களுக்கு ஓட்டிக்கொண்டிருந்தவர். மனைவியின் ஆபரேஷனால் தவணை தவறி, வண்டி எங்களிடம் வந்து, ஏலத்தில் போயிற்று. விற்ற பணத்தில் எங்கள் கமிஷன் போக மீதிதான் அவர் கடனில் கழியும். வண்டியும் போய், கடனும் தீரவில்லை. நேராக ஆபீஸுக்கு வந்துவிட்டார்.

“சார், என் வண்டிய வித்துக் குடுத்ததுக்கு இம்மாம் புடிச்சிக்கினீங்களே, நியாயமா? அந்த யார்டுலயும் கேட்டுட்டேன், இந்த யார்டுலயும் கேட்டுட்டேன். அல்லாரும் ஒரே ரேட்டு சொல்றாங்கோ. பேசி வெச்சிக்கினா மாரி கீது.”

சார் அவரை உட்காரவைத்து டீ சொன்னார். மனைவிக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். எந்த ஆஸ்பத்திரி, என்ன மருந்து என்றெல்லாம் கேட்டார். அரை மணி நேரத்தில் தேவராஜுக்கு எங்கள் யார்டிலேயே டிரைவர் வேலை கிடைத்துவிட்டது. தேவராஜ் கும்பிட்டார். வாசல் வரை போனவர் திரும்பி நின்று, “வேலை குடுத்தது சரி சார். வண்டி?” என்றார்.

சார், “பேசிக்கிடுவோம்” என்றார். அந்த ஒரு விஷயத்தை மட்டும் அவர் பேசி முடிக்கவே இல்லை. யார்டில் மற்றவர்களின் வண்டிகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்த தேவராஜை நான் மேடையிலிருந்து பார்ப்பேன். மூன்று முதலாளிகள் ஏன் அப்படிச் சிரித்தார்கள் என்பது எனக்கு மெல்ல மெல்லப் புரிந்தது.

ஒரு அரசு பேங்க்குக்குப் புதிதாக வந்த அதிகாரி மூன்று யார்டுகளும் போட்ட விலைப்புள்ளிகளைப் பார்த்துவிட்டுப் புகார் கொடுத்தார். விசாரணை வந்தது. முதலில் பணிந்தவர் பக்கத்து யார்டுக்காரர். தனக்கு மன்னிப்புக் கிடைத்தால் எல்லாவற்றையும் சொல்கிறேன் என்று அப்ரூவர் ஆகிவிட்டார். சாரையும் மூன்றாவது யார்டுக்காரரையும் கைது செய்து ஜாமீனில் விட்டார்கள். அந்தச் சாப்பாட்டு அறைக்குள் வந்து போனவள் என்று அப்ரூவர் என் பெயரையும் சொல்லியிருந்தார். எனக்குச் சாட்சி சம்மன் வந்தது.

சாட்சிகளைச் சந்திக்கக்கூடாது என்பது ஜாமீனின் நிபந்தனை. ஆனாலும் அவர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் கோயில் பூசை முடிந்து வந்து சாப்பிட்டுக் கைகழுவிய நேரம். என் கணவர்தான் கதவைத் திறந்தார். அவர் இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனியில் லைனில் வேலை செய்கிறவர். சார் ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் கொண்டுவந்திருந்தார். கணவரிடம் ஷிப்ட் பற்றி, ஓ.டி. பற்றி, எங்கள் மனைக்கு ரோடு எப்போது வரும் என்பது பற்றியெல்லாம் பேசினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“சம்மன் வந்துட்டாம்மா?”

“வந்துச்சு சார்.”

“எத்தனையோ மீட்டிங் நடந்திருக்கு. எதுல யாரு என்ன சொன்னாங்கன்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஞாபகம் இல்லைன்னு சொன்னா போதும். அதுல யாருக்கும் நஷ்டம் கிடையாது, இல்லியா?”

அவர் குரலில் மிரட்டலே இல்லை. சேரப்பணஞ்சேரி அண்ணன் தம்பியிடம் இப்படித்தான் பேசியிருப்பார். அந்தக் குரலுக்கு மறுப்புச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது எதிரில் உட்கார்ந்திருந்தால்தான் தெரியும்.

“எனக்கு ஞாபகம் இருக்கு சார்” என்றேன். “நஷ்டம் கிடையாதுன்னு சொல்றீங்க. தேவராஜ் அண்ணனுக்கு?”

“அவனுக்குத்தான் வேலை குடுத்தேனேம்மா.”

“வேலை நீங்க குடுத்தது சார். வண்டி அவரு சம்பாதிச்சது.”

இன்னொரு வார்த்தை சொல்வார், அதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது என்று காத்திருந்தேன். அவர் “சரிம்மா” என்று எழுந்தார். கணவரிடம் சொல்லிக்கொண்டு போய்விட்டார். அவர் ஒரு பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்ததை நான் பார்த்தது அன்றுதான்.

“இன்னா ஸ்டெல்லா, வூட்டுக்கு வந்த மனுசன மூஞ்சில அடிச்சா மாரி அனுப்பிட்டியே” என்றார் கணவர். கொஞ்ச நேரம் கழித்து அவரே, “கோர்ட்டுக்கு நானும் லீவு போட்டுக்கினு வரேன்” என்றார்.

கோர்ட்டில் அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், என்னிடம் என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன், அவர்கள் எப்படிச் சிரித்தார்கள். என் குரல் நடுங்கவில்லை. இருநூறு பேர் முன்னால் கூப்பிட்டுப் பழகிய குரல் அது.

பிறகு சாரின் வக்கீல் எழுந்தார். பெரிய வக்கீல்.

“மூணு கம்பெனி ஓனர்கள் உட்கார்ந்து பேசுற ரூம்ல, ஒரு ஸ்டாஃப், அதுவும் லேடி ஸ்டாஃப், உங்களுக்கு என்ன வேலை?”

“சார் கூப்பிட்டாரு.”

“எப்பவுமே கூப்பிடுவாரோ?” என்று நிறுத்தி, நீதிபதியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “கம்ப்யூட்டர் வேலைக்குத்தானே சேர்ந்தீங்க? எத்தனையோ ஆம்பளைங்க இருக்கும்போது உங்க கையில மைக் குடுத்தாரே, அது எதனால? உங்களுக்கும் அவருக்கும் ஏதாவது கசப்பு வந்ததா? எதிர்பார்த்தது கிடைக்காமப் போச்சா?”

பின்வரிசையில் யாரோ கனைத்தார்கள். என் கணவர் பெஞ்சிலிருந்து பாதி எழுந்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன். எந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்வது என்று தெரியவில்லை.

“வக்கீல் சார், உக்காருங்க.”

எதிரே குற்றவாளிக் கூண்டிலிருந்து வந்த சாரின் குரல். வக்கீல் திரும்பி, பொறுங்கள் என்பதுபோல் கையைக் காட்டினார். சார் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீதிபதியைப் பார்த்தார்.

“ஐயா, அந்தப் பிள்ளைய நான்தான் கூப்பிட்டேன். நான்தான் கேட்டேன். அது சொன்ன பதிலும் நாங்க சிரிச்ச சிரிப்பும் நடந்ததுதான். மூணு பேரும் ரேட்டு பேசுனோம். இதுக்கு மேல அதுகிட்ட இப்படியெல்லாம் கேக்க வேண்டாம்.”

நீங்கள் சொல்வது உங்களுக்கு எதிராகவே போகும் என்று நீதிபதி எச்சரித்தார். “போகட்டும் ஐயா” என்றார் சார். வக்கீல் தன் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

அவர் அன்று திருந்திவிட்டார், மனசாட்சி விழித்துக்கொண்டது என்றெல்லாம் பிறகு சிலர் என்னிடம் சொன்னார்கள். நான் நம்பவில்லை. கண்ணெதிரே ஒருத்தர் நாலு பேர் முன்னால் தலைகுனிவதை அவரால் பார்க்க முடியாது, அவ்வளவுதான். அதற்காகப் பேங்க்கை ஏமாற்றவும் செய்வார், தன்னைத்தானே ஜெயிலுக்கு அனுப்பிக்கொள்ளவும் செய்வார். இரண்டும் ஒரே மனிதர்தான். நல்லவர் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று அவர் எழுந்து பேசியிராவிட்டால் நான் அந்தச் சாட்சிக் கூண்டிலிருந்து எப்படி இறங்கியிருப்பேன் என்பது மட்டும் தெரியும்.

கூட்டுச் சதி, மோசடி இரண்டிலும் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. சிறைத்தண்டனை. அவர் மேல்முறையீடு செய்யவில்லை. போலீஸ்காரர்கள் கூட்டிப்போகும்போது வராந்தாவில் பக்கத்து யார்டுக்காரர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். சார் நின்று, “பொண்ணு கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா?” என்று கேட்டார். அந்த மனிதர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

யார்டு வேறு கைக்கு மாறியது. கமிஷன் இறங்கியது. தேவராஜ் பழைய கடனை அடைத்துவிட்டு, கம்பெனி கேன்டீன்களுக்குக் காய்கறி ஏற்றும் வண்டிக்கு டிரைவராகப் போய்விட்டார். மைக் என்னிடமே இருந்தது.

சார் வெளியே வந்துவிட்டார், படப்பையில் புது மனைகளுக்கு வாட்டர் கேன் போடுகிறார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைப்பேன். போகவில்லை. போன மாதம் ஒரு ஏலத்தன்று அவரே கொட்டகைக்குள் வந்தார். எல்லாரையும் போல முன்பணம் கட்டி டோக்கன் வாங்கி, நடுவரிசையில் உட்கார்ந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. பழைய ஆட்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன்.

மூன்றாவதாக வந்த சின்ன லோடு வண்டிக்கு அவர் கை தூக்கினார். எதிரில் ஒரு சின்னப் பெண் கை தூக்கியது. சுங்குவார்சத்திரத்தில் டிபன் கடை வைத்திருக்கிற பெண்ணாம், பார்சல் எடுத்துப்போக வண்டி தேடி வந்திருந்தது. விலை ஏறியது. அவர் தூக்கினார், அது தூக்கியது. அவர் எழுந்து நின்றார். கொட்டகையில் சலசலப்பு. பழைய ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் பேசினால் போதும், ஏலம் நின்றுவிடும். அந்தக் குரல் அவரிடம் இன்னும் இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவர் இரண்டு அடி வைத்தார். நின்றார். திரும்பி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு முறை கையைத் தூக்கினார். அந்தப் பெண் யோசிக்காமல் தானும் தூக்கியது.

நான் அவரைப் பார்த்தேன். அவர் கை மடியில் இருந்தது. அவரால் முடிகிற விலையைத் தாண்டிவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. மற்றவர்களுக்கு எவ்வளவு நேரம் விடுவேனோ அவ்வளவுதான் அவருக்கும் விட்டேன்.

“ஒரு தரம். ரெண்டு தரம்.”

எழுந்து வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. தலையை நிமிர்த்தி அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“மூணு தரம்.”